ஆட்டம் பாதியில் இருக்கும்போது போனைப் பிடுங்காதீர்கள்

சாப்பிட வரச் சொல்லி அக்கா நான்கு முறை கூப்பிட்டாள். ஐந்தாவது முறை நேராக வந்து போனைப் பிடுங்கினாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். போனுக்கு அடிமையாகிவிட்டான் என்று அன்றிரவே வீட்டில் தீர்ப்பு எழுதியாயிற்று.

மறுநாள் எனக்கும் கற்றுக்கொடு என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நூறு பேர் இறங்கி, கடைசி அணி மிஞ்சும்வரை சுட்டுக்கொள்ளும் போன் ஆட்டம். இறங்கிய இரண்டாவது நிமிடம் செத்துப்போனேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. மூன்று ஆட்டம் தோற்ற பிறகுதான் விளங்கியது, இதை நடுவில் நிறுத்தி வைக்க வழியே இல்லை. முடிய அரை மணி நேரம்கூட ஆகும். நால்வர் அணியில் ஒருவன் பாதியில் காணாமல் போனால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். அந்த மூவரும் மறுநாள் வகுப்பில் இவன் பெஞ்சில் உட்காருகிறவர்கள். கடைசி ஓவரில் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கியிருந்தால் நாமும் அலறியிருப்போம்.

தடை போட்டால் தீரும் என்பவர்களுக்கு: 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜியைத் தடை செய்தார்கள், அடுத்த ஆண்டே அதே மாதிரி ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டமே போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தார்கள். பத்தாண்டு பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பையனின் கணக்கிலும் வயது 31 என்றுதான் இருந்தது!

அடிமை என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்தலாம். கட்டுப்பாடு கைவிட்டுப் போய், படிப்பும் உறவும் கெடுவது தெரிந்தும் விடமுடியாத நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்கிறது. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் திட்டிப் பயனில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கூப்பிட்டதும் சாப்பிட வராதது அந்த நோயில் சேராது.

இப்போது அக்கா வீட்டில் மணிக்கணக்கு போய் ஆட்டக்கணக்கு வந்திருக்கிறது. பள்ளி நாளில் ஒன்று, விடுமுறையில் மூன்று. ஆட்டத்தில் விற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறப்பது மட்டும் கூடவே கூடாது. அது லாட்டரிச் சீட்டேதான், அதில் நான் இரக்கமே காட்டுவதில்லை. இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜுக்குப் போக வேண்டும். எல்லாப் போனும் என்பது அவன் போட்ட நிபந்தனை. அத்தான் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.

சண்டை அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் போன வாரம் போயிருந்தபோது அக்கா அடுப்படியிலிருந்து, “இன்னும் எத்தனை பேர் பாக்கி?” என்று குரல் கொடுத்தாள். “பன்னிரண்டு” என்றான். பன்னிரண்டு என்றால் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கலாம் என்பது அவள் கணக்கு.