கேள்வியையாவது முழுசாகக் கேளுங்கள்

இணைய மன்றங்களில் கணக்குச் சந்தேகம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கேள்வியையாவது முழுசாகக் கேட்கக் கூடாதா? "1/எக்ஸ்+2-ஐத் தொகையிடுக, அவசரம்" என்று ஒரு வரி வந்து விழுகிறது (தொகையிடுவது என்றால் இன்டக்ரேஷன்). கீழே இருப்பது எக்ஸ் மட்டுமா, எக்ஸ்+2 முழுவதுமா? எக்ஸுக்கு 2 போட்டுப் பாருங்கள்: ஒன்றில் 2.5 வரும், இன்னொன்றில் 0.25. தொகையிட்டாலும் அப்படித்தான், ஒன்றில் மடக்கையோடு (லாக்) 2எக்ஸ் சேரும், இன்னொன்றில் மடக்கை மட்டும். ஓர் அடைப்புக்குறி போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வடிவியல் இன்னும் மோசம். "படத்தில் உள்ள கோணம் ஏபிசியைக் காண்க" என்பார்கள், படமே இருக்காது. கேட்டால் பாதி வெட்டுப்பட்ட போட்டோ வரும்.

சரி, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதுவரை போட்டுப் பார்த்தீர்கள், எங்கே சிக்கியது என்று கேட்டால் "விடை மட்டும் போதும்" என்று பதில் வருகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம் விடை கிடைத்ததும் கேள்வியையே அழித்துவிட்டு ஆள் காணாமல் போய்விடுகிறார். அதே இடத்தில் முட்டி நிற்கும் அடுத்த மாணவருக்கு அந்த விளக்கம் கிடைக்காமலே போகிறது. வரி வரியாக உட்கார்ந்து எழுதியவருக்கு நன்றிகூட வேண்டாம், அழிக்காமலாவது விட்டுவைக்கலாமே!