மின்னலைக் கையில் பிடிப்பவனும் சத்துவாச்சாரிப் பையனும்

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலூர் என்றே பெயர் வாங்கிவிட்ட ஊர், பகல் முழுக்க வறுத்தெடுத்தது. சாயங்காலம் இடி மின்னலோடு காற்று வந்தது, வந்ததும் கரண்ட் போனது. அதுவரை பழைய பிளேஸ்டேஷன் 3-இல் இன்ஃபேமஸ் என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த அக்கா மகன் இருட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "மாமா, கேம்ல வர்ற கோல் கரண்ட் கம்பி மேலயே சறுக்கினு போறான், அவனுக்கு ஒண்ணும் ஆவல. நாம தொட்டா மட்டும் ஏன் சாவறோம்?"

இதே கேள்வியை வகுப்பிலும் கேட்டிருக்கிறான். "கேம்ல வர்றதெல்லாம் பொய், பாடத்தைப் பாரு" என்று உட்கார வைத்துவிட்டார்களாம். எனக்கு மனசு ஆறவே இல்லை. பிளஸ் டூ இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல். அந்தப் பாடத்தின் வாசலில் தானாக வந்து நிற்கும் பையனை யாராவது திருப்பி அனுப்புவார்களா?

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: 2009-இல் வந்தது. நாயகன் கோல் மெக்கிராத், சைக்கிளில் பார்சல் கொடுக்கும் இளைஞன். ஒரு வெடிவிபத்துக்குப் பிறகு அவன் உடம்பில் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. கையிலிருந்து மின்னலை வீசுவான், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சக்தியை உறிஞ்சுவான், கம்பியில் சறுக்குவான்.

கம்பி விஷயத்தில் விளையாட்டு சொல்வது பெரும்பாலும் சரி. காக்கை உட்காருகிறதே! அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில்தான். இரண்டு காலுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம், அதனால் அதன் உடம்பு வழியாக மின்னோட்டம் போக வேலை இல்லை. கோலுக்கும் அதே கணக்குதான். ஆபத்து இறங்கும்போதுதான். கை கம்பியில் இருக்கும்போதே கால் மின்கம்பத்தில் பட்டால் மின்சாரம் பூமிக்குப் போகும் சுற்று முழுமையாகிவிடும், அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். சரக்குப் பெட்டியின் மேல் செல்ஃபிக்காக ஏறிக் கருகிப்போன பிள்ளைகளைப் பற்றி எத்தனை முறை செய்தியில் படித்துவிட்டோம். அவர்களில் பலர் கம்பியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பெட்டி சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு, அதாவது பூமியோடு சேர்ந்திருக்கிறது. மேலே நிற்பவன் கம்பியை நெருங்கினாலே போதும், மின்சாரம் காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும். மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தக் கம்பிக்கு 2 மீட்டருக்குள் ரயில்வே ஊழியரே போகக் கூடாது. காக்கைக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பையன் கொஞ்சம் யோசித்து, "கால் எங்க இருக்குதுன்றதுதான் மாமா" என்றான். இந்த ஒரு பதிலுக்காகவே அந்த விளையாட்டுக்கு நன்றி சொல்வேன்.

அடுத்தது மின்னல் வீசுவது. ஒரு மின்னலில் சுமார் 100 கோடி ஜூல் ஆற்றல் இருக்கும். கரண்ட் பில் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய 280 யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு வரும் பில் அளவுதான்! பையன் நம்பவில்லை. மின்னல் பயங்கரமாக இருப்பது ஆற்றலின் அளவால் மட்டும் இல்லை, அது கண் சிமிட்டும் நேரத்தில் கொட்டிவிடுவதால்தான். சரி, இதைத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உறிஞ்சினால்? 100 கிலோவோல்ட் ஆம்பியர் (மணிக்கு ஏறக்குறைய 100 யூனிட்) டிரான்ஸ்ஃபார்மர் முழுசாக இவனுக்கே ஓடினாலும் மூன்று மணி நேரம் ஆகும். கோல் சில நொடிகளில் முடித்துவிடுகிறான். சாப்பாட்டை மட்டும் நம்பினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் 2,000 கிலோகலோரி என்பது 2.3 யூனிட்தான். ஒரு மின்னலுக்கு நான்கு மாதம் சாப்பிட வேண்டும், ஆம்பூர் பிரியாணியாகவே இருந்தாலும்.

ஆனால் உடம்பில் மின்சாரம் என்பதே கற்பனை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நம் நரம்பு செல்லின் சவ்வுக்கு உள்ளும் புறமுமாக 70 மில்லிவோல்ட் இருக்கிறது. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின்சார விலாங்கு இதே வித்தையைத்தான் பெரிதாகச் செய்கிறது. அதன் சிறப்பு செல் ஒவ்வொன்றும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் தரும். ஆயிரக்கணக்கான செல்களை டார்ச் பேட்டரி போல வரிசையாக அடுக்கி 600 வோல்ட் தாண்டிவிடுகிறது. எதிரியை அடிக்க இயற்கை கண்டுபிடித்த வழி அது. ஆனால் விலாங்கைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது. கோலைச் சுற்றி இருப்பது காற்று. காற்றில் ஒரு சென்டிமீட்டர் தாண்டவே தோராயமாக 30,000 வோல்ட் வேண்டும்.

இரண்டு கையிலிருந்தும் மின்பொறி தெறிக்க அவன் காற்றில் மிதந்து இறங்குவானே, அது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 2018-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாத விமானத்தைப் பறக்கவிட்டார்கள். 40,000 வோல்ட் கொடுத்துக் காற்றை அயனியாக்கி, அதாவது அதன் துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, அந்த அயனிகள் தள்ளும் காற்றால் 60 மீட்டர் பறந்தது. இறக்கை அகலம் 5 மீட்டர், எடை இரண்டரைக் கிலோகூட இல்லை. இரண்டு உள்ளங்கையை வைத்து ஒரு ஆளைத் தாங்குவது நடக்காது. ஆனால் வழி சரியான வழி.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது கோலின் பலவீனங்களைப் பார்த்துத்தான். ஆழமான தண்ணீரில் இறங்கினால் செத்துவிடுவான். நம் கோட்டை அகழியில் விழுந்தாலும் கதை முடிந்தது. துப்பாக்கியைத் தொட முடியாது, மருந்து வெடித்துவிடும். சக்தி கொடுத்தவர்கள் அதன் பின்விளைவையும் யோசித்திருக்கிறார்கள். "அப்படி ஒரு சக்தி இருந்தால் வேறு என்னவெல்லாம் நடக்கும்?" என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போவதுதானே இயற்பியல்? பையன் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறான். அவனைப் போய்ப் பொய்யில் நேரத்தை வீணாக்குகிறான் என்கிறோம்.

கரண்ட் வரவில்லை. அக்காவிடம் நாலு எலுமிச்சம்பழம் கேட்டேன். துத்தநாகம் பூசிய ஆணி, செம்புக் கம்பித் துண்டுகள், உடைந்த பொம்மையிலிருந்து கழற்றிய சிவப்பு எல்இடி. ஒரு பழத்துக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட். விலாங்கு மாதிரியே வரிசையாக இணைத்தோம். நல்ல இருட்டு என்பதால் அந்த மங்கலான சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் விரல் விட்டு எண்ணிக் கணக்குப் போட்டான்.

"மாமா, 600 வோல்ட்டுக்கு 667 பழம் வேணும். மார்க்கெட்டுல மொத்தமா வாங்கினா எவ்ளோ ஆவும்?"