கூந்தன்குளத்து நாரை ஒண்ணும் சைபீரியாக்காரன் இல்ல

போன ஞாயித்துக்கிழமை கூந்தன்குளம் போயிட்டு வந்தோம், திருநெல்வேலி மாவட்டத்துல பறவைக சரணாலயம் இருக்கிற ஊரு, பாளையங்கோட்டைல இருந்து காலைல அஞ்சரைக்கே பைக்க எடுத்தாச்சு, மூலைக்கரைப்பட்டி வரும்போதுதான் நல்லா விடிஞ்சுது. பின்னாடி மக, தூக்கக் கலக்கத்துல என் முதுகுலயே தலைய இடிச்சுக்கிட்டு வந்தா. அவ சின்னப்பிள்ளையா இருக்கும்போது இதே ஊருக்குக் கூட்டிட்டு வந்து "இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து முட்டை போட இங்க வருது பாரு"ன்னு பெரிய இவனாட்டம் சொல்லிக்குடுத்தவன் நான்தான். முழுத் தப்பு. இன்னும் வாட்ஸப்ல, டிவில எல்லாம் இதத்தான் சொல்லிட்டிருக்கோம், அதான் இந்தப் பதிவு.

வெளிநாட்டுல இருந்து வர்றது எதுவும் இங்க கூடு கட்டாதுங்க. வரித்தலை வாத்த எடுத்துக்கோங்க, அது முட்டை போட்டு குஞ்சு பொரிக்கிறது மங்கோலியா, திபெத் பக்கம். அங்க குளிர் வந்ததும் இமயமலையத் தாண்டி (7,000 மீட்டருக்கு மேலகூட பறக்குதுன்னு கருவி மாட்டி அளந்திருக்காங்க, யோசிச்சுப் பாருங்க) இங்க வந்து குளத்துலயும் வயல்லயும் புல்லு, சிந்துன நெல்லுன்னு மேஞ்சுட்டு வெயில் ஏற ஏற கெளம்பிரும். ஊசிவால் வாத்தும் அப்படித்தான். வயித்துப்பாட்டுக்கு வர்ற கூட்டம். நாங்க போனப்ப ஒரு முப்பது நாப்பது வரித்தலை தூரத்துல நின்னுச்சு, பைனாகுலர்ல பாத்தா பின்மண்டைல ரெண்டு கறுப்புக்கோடு பளிச்சுன்னு தெரியுது.

ஆனா மரம் முழுக்க கூடு கட்டி வச்சிருக்கே மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அதெல்லாம் நம்ம நாட்டுப் பறவை. தண்ணியும் மீனும் எங்க இருக்கோ அங்க போகும், அவ்ளோதான்.

கூந்தன்குளத்துல குளத்த விட ஊருக்குள்ளதான் வேடிக்கை. வீட்டு வாசல் வேப்பமரத்துல, புளியமரத்துல அடுக்கடுக்கா கூடு. ஒரு நாரை கூட்டு விளிம்புல வந்து உக்காந்து தொண்டைய முன்னாடி தள்ளித் தள்ளி மீனக் கக்குது, பஞ்சு மாதிரி மூணு குஞ்சு அதுமேல விழுந்து சண்டை போடுது, ஒரு மீன் நழுவி நேரா கீழ நின்ன ஸ்கூட்டி சீட்டுல சொத்துன்னு விழுது. ஓடு, திண்ணை, துணிக்கொடி எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எச்சம். வீச்சமும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துல கார்ல வந்தவங்க கர்ச்சீப்ப மூக்குல வச்சுக்கிட்டு "ஃப்ளெமிங்கோ எங்க நிக்கும்"னு கேட்டுட்டு ஹார்ன் அடிச்சுட்டே போனாங்க. திண்ணைல இருந்த ஆச்சிகிட்ட நானும் கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டேன், இந்த வாடைல எப்படி ஆச்சி இருக்கீங்கன்னு.

"மாடு வளக்கோம்லா, அது நாறாதாய்யா? வாத்துதான் வெளியூரு. இது இங்கயே பொறந்த புள்ளைக, பிரசவத்துக்கு அம்மை வீட்டுக்கு வராம எங்க போவும்?"

எம்மக என்னைய ஒரு பார்வ பாத்தா.

தீபாவளிக்கு வெடி போடாத ஊரு இது. மரத்துல இருந்து விழுற குஞ்ச எடுத்து மீன் போட்டு வளத்து விட்டிருக்காங்க. 1994-ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022-ல ராம்சார் பட்டியல்லயும் (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) பேரு வந்துச்சு, ஆனா காவல் காக்குறது அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தச் சனங்கதான்.

இது என்ன பெரிய விஷயம், எந்த நாட்டுப் பறவையா இருந்தா என்னன்னு கேக்கலாம். எனக்கு இதுல ஒரு ஆத்திரம் இருக்கு. 'வெளிநாட்டு விருந்தாளி'ன்னு சொல்லிட்டா, ஒரு வருசம் வரலன்னா அங்க ஏதோ பருவநிலை சரியில்ல போலன்னு சொல்லிட்டுப் போயிரலாம். நம்ம பறவைன்னு ஒத்துக்கிட்டா மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணி குளத்துக்கு வந்துச்சான்னு கேக்கணும். சரணாலயத்துல கூடு மட்டும்தாங்க இருக்கு, அதுங்க இரை எடுக்கிறது சுத்துப்பட்டுக் குளத்துலயும் வயல்லயும். அதத் தூர்த்து பிளாட் போட்டுட்டு, வயல்ல கண்ட மருந்தையும் அடிச்சுட்டு, இந்த ஒரு குளத்துக்கு மட்டும் போர்டு வச்சா குஞ்சுக்கு மீன் எங்கேருந்து வரும்?

திரும்பி வந்து, நாரை குஞ்சுக்கு ரெக்கைய விரிச்சு நெழல் குடுக்குற போட்டோவ ஃபேமிலி குரூப்ல போட்டேன். அஞ்சு நிமிசத்துல பெரிய மாமா ரிப்ளை: "சூப்பர் மாப்ள, சைபீரியாவா?"