சமையலறைக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும்

வார இறுதியில் எங்கும் போகாமல் வீட்டிலேயே புத்தகங்களோடு கழிக்கப் போவதாக நண்பர்கள் எழுதுவதைப் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. கூடவே, அந்த வீட்டில் மதியச் சாப்பாட்டைச் சமைக்கப் போவது யார் என்ற கேள்வியும் எழாமல் இல்லை.

மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகே, 1890-இல் அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அந்த விடுமுறை நம் சமையலறைகளுக்குள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கறி கழுவி, மசாலா அரைத்து, குழம்பும் வறுவலும் ரசமும் வைத்து, அதற்கிடையே வாரத்துக்கான இட்லி மாவையும் ஆட்டி, சேர்ந்து கிடக்கும் சீருடைகளையும் துவைத்துப் போடுகிற ஒருத்திக்கு, வாரத்தின் மிக நீண்ட வேலைநாளே ஞாயிற்றுக்கிழமைதான். அவள் கணவர் கூடத்தில் நாவல் படித்துக்கொண்டிருப்பதை ஓய்வு என்று சொல்லலாம். அந்த வீட்டின் ஓய்வு என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலையே வத்தக்குழம்பு வைத்துவிடுகிறோம். மறுநாள் அதன் ருசி கூடித்தான் இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. ஞாயிறன்று குக்கரில் சோறு வைப்பதும் அப்பளம் பொரிப்பதும் கணவர் பொறுப்பு. 'ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடும் ஒரு வீடா' என்று முதலில் சலித்துக்கொண்ட மாமியார், இப்போது எனக்கு முன்பே வார இதழை எடுத்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய்விடுகிறார். செயலியில் வரவழைத்தால் போயிற்று என்பவர்களும் உண்டு. என் ஓய்வுக்காக இன்னொருவர் வெயிலில் வண்டி ஓட்ட வேண்டியிருப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை.

இப்படிக் கிடைக்கிற பகலில் நான் பெரும்பாலும் எடுப்பது, அந்தக் காலத்தில் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைகளைத்தான். அத்தியாயம் முடிகிற பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு நகைச்சுவைத் துணுக்கு இருக்கும், பின்பக்கத்தில் தைல விளம்பரம் இருக்கும், தைத்த இடத்தில் ஓரத்து எழுத்துகள் உள்ளே போய்விட்டதால் புத்தகத்தை அழுத்திப் பிரித்து ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கும். 'தொடரும்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்ட கதையை அவசரமாகப் படிப்பதில் பொருளில்லை. நான்கைந்து அத்தியாயங்களோடு தூங்கிவிட்டாலும் குறையில்லை.

அதனால்தான், ஆண்டுக்கு இத்தனை புத்தகம் முடிப்பேன் என்று சவால் விட்டுக் கணக்குப் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அலுவலகத்தின் டார்கெட்டை வீட்டு அலமாரியிலும் ஏற்றிவைப்பதாகவே எனக்குப் படுகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடிக்கு வாங்கிய நூல்கள் பிரிக்கப்படாமலே அடுத்த ஜனவரியைப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வரும் சனிக்கிழமை மாலை, புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் குழம்புக்குச் சின்ன வெங்காயத்தை உரித்து வையுங்கள். ஞாயிறன்று படித்ததைப் பற்றி எழுதும்போது, உங்கள் வீட்டுப் பெண்கள் அன்று என்ன படித்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.