ஒரு மைல் ஓடத் தெரியாத மும்தாஜ் மஹால்

மும்தாஜ் மஹாலுக்கு ஒரு மைல் ஓடத் தெரியாது. குதிரைப் பந்தயம் பற்றி எழுதுகிறவர்கள் நூறு வருஷமாக அவள் மேல் சொல்லும் குறை இது. ஐந்து, ஆறு ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) வரை அவளைத் தொட ஆளில்லை; எட்டாவது ஃபர்லாங்கில் மூச்சு வாங்கிவிடும்; பாவம், ஸ்டாமினா இல்லாத அழகி. இப்படித்தான் எழுதுவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் இந்த நீளப் பதிவு.

நான் சொல்வது ஆக்ராவில் கல்லறைக்குள் இருக்கும் மும்தாஜ் அல்ல. 1921ல் இங்கிலாந்தில் பிறந்த சாம்பல் நிறப் பெண்குதிரை. (இலக்கணப்படி 'அது' என்றுதான் எழுதவேண்டும். மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று கதை போகப்போவதால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.) 1922ல் டான்காஸ்டர் ஏலத்தில், ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது, 9,100 கினிக்கு (அந்தக் கால ஆங்கிலப் பணக் கணக்கு) அவளை வாங்கினார்கள். வாங்கியது மூன்றாம் ஆகா கான். கராச்சியில் பிறந்தவர், இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாம், அப்போதுதான் இங்கிலாந்தில் குதிரை சேர்க்கத் தொடங்கியிருந்தார். மொகலாய அரசியின் பெயர் ஒரு ஆங்கிலக் குதிரைக்கு எப்படி வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அவளுடைய அப்பா தி டெட்ரார்க். சாம்பல் உடம்பில் சுண்ணாம்பை வாரி இறைத்தது போல வெள்ளைத் திட்டுகள். 1913ல் இரண்டு வயதில் ஏழு பந்தயம் ஓடி ஏழிலும் ஜெயித்து, காலில் அடிபட்டு, பிறகு ஓடவே இல்லை. பொலிகுதிரையாக விட்டால் அந்த வேலையில் துளியும் ஆர்வம் இல்லை. ஆயுள் முழுக்க மொத்தமே 130 குட்டி போலத்தான். அம்மா லேடி ஜோஸஃபைன், அவளும் வேகக்காரி.

1923ல், இரண்டு வயதில், மும்தாஜ் மஹால் ஓடியது ஆறு பந்தயம். முதல் ஐந்திலும் வெற்றி. ராயல் ஆஸ்கட்டில் குயின் மேரி ஸ்டேக்ஸைப் பத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஐந்து ஃபர்லாங், அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்தில், பத்துக் குதிரை நீளம் என்பது போட்டியே அல்ல, தனியாக வாக்கிங் போய்விட்டு வருவது. ஆறாவது பந்தயத்தில், மழையில் ஊறிய தரையில், ஆர்கேட் என்ற குதிரையிடம் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றாள். அதற்குள் 'பறக்கும் பெண்' என்ற பட்டம் ஒட்டிவிட்டது.

அடுத்த வருஷம் அவளுடைய பெயரைக் கெடுத்த பந்தயம். மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கான 1000 கினீஸ், நியூமார்க்கெட்டில் நேராக ஒரு மைல், கடைசியில் ஒரு ஏற்றம். கிட்டத்தட்ட முழுத் தூரமும் அவள்தான் முன்னால். அந்தக் கடைசி ஏற்றத்தில் பிளாக் என்ற குதிரை தாண்டிப் போனது. இவளுக்கு இரண்டாமிடம். அடுத்து ஆஸ்கட்டில் இன்னொரு மைல் பந்தயம், அதில் பரிசிடமே இல்லை. சரி, போதும் என்று திரும்பவும் குறைந்த தூரத்துக்கு இறக்கினார்கள். குட்வுட்டில் கிங் ஜார்ஜ் ஸ்டேக்ஸ், யார்க்கில் நன்தார்ப், இரண்டிலும் வெற்றி. மொத்தக் கணக்கு பத்து ஓட்டம், ஏழு வெற்றி, இரண்டு இரண்டாமிடம். இதைத்தான் 'ஏமாற்றம்' என்று எழுதுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். அதே 1924ல், அதே ஆகா கானின் லாயத்தில், அதே டெட்ரார்க்குக்குப் பிறந்த சால்மன் ட்ரவுட் என்ற ஆண்குதிரை செயின்ட் லெஜர் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தது. அது ஒன்றே முக்கால் மைலுக்கும் கொஞ்சம் கூட. அப்பன் ஒன்று, முதலாளி ஒன்று, டிரெய்னர் டிக் டாசன் ஒருவரே. ஒன்று பதினான்கு ஃபர்லாங் ஓடுகிறது, இன்னொன்று எட்டில் திணறுகிறது. வித்தியாசம் எங்கிருந்து வந்திருக்கும்? அம்மா வேறு. இவ்வளவு வெளிச்சமாகக் கண் முன்னால் கிடந்தும், டெட்ரார்க்கின் மகன், பிளாண்ட்ஃபோர்டின் மகன், நியார்கோவின் மகன் என்று பெரிய பொலிகுதிரைகளின், அதாவது அப்பன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் பந்தய உலகத்தின் பேச்சு வழக்கே தாய் பக்கம்தான் நிற்கிறது. அங்கே ஒரே தாயின் வயிற்றில் பிறந்தால்தான் 'பாதிச் சகோதரர்'. ஒரே தகப்பனுக்குப் பிறந்த நூறு குதிரைகள் உலகம் முழுக்க இருக்கும், அவற்றுக்கு இடையே எந்த உறவும் சொல்லமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர் குதிரைகளை எல்லாம் தாய்வழியாகப் பின்னோக்கிப் போய்க் குடும்பம் குடும்பமாக எண் போட்டு வைத்தார். அந்த எண்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மும்தாஜ் மஹால் ஒன்பதாம் எண் குடும்பம். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று நம் பாட்டிகள் சொன்னதை அந்த மனிதர் பேரேட்டில் எழுதினார், அவ்வளவுதான்.

ஆனால் பெண்குதிரைக்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. பதினொரு மாதம் சுமந்து வருஷத்துக்கு ஒரு குட்டி. இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கும் அனுமதி கிடையாது. பொலிகுதிரை ஒரே சீஸனில் நூறு குட்டிக்குத் தகப்பன் ஆகலாம். அதிலே பத்து தேறினால் வருஷக் கடைசியில் 'முதன்மைப் பொலிகுதிரை' பட்டம். பெண்குதிரைக்கு ஆயுளிலேயே பத்துப் பன்னிரண்டு குட்டி என்றால் அதிகம்.

அவளுடைய மூன்று மகள்களைப் பார்ப்போம். மகன்களும் ஓடினார்கள், ஜெயித்தார்கள், அதை விடுங்கள். மாஹ் மஹால், மும்தாஜ் பேகம், ருஸ்டம் மஹால். இந்த மூவரும் பந்தயத்தில் பெரிதாகச் சாதித்தவர்கள் இல்லை. ருஸ்டம் மஹால் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. ஓட்டக் கணக்கை மட்டும் வைத்துப் பார்க்கும் ஆள் அந்த இடத்திலேயே பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

மாஹ் மஹாலின் மகன் மஹ்மூத். உருவத்தில் சின்னவன், பாட்டியின் அதே சாம்பல் நிறம். 1936ல் எப்ஸம் டெர்பி, ஒன்றரை மைல், 2 நிமிடம் 33.8 விநாடி. அந்தச் சாதனையை 1995ல் லம்தாரா முறியடிக்கும் வரை 59 வருஷம் யாராலும் அசைக்க முடியவில்லை. அன்று தரை காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது, கையால் பிடித்த நேரம் என்றெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு மைல் ஓடத் தெரியாதவளின் பேரன் ஒன்றரை மைலில் ஜெயித்தான் என்பது மாறப்போவதில்லை.

மும்தாஜ் பேகத்தின் மகன் நஸ்ருல்லா. அழகன், வேகக்காரன், மகா முரடன். மனசு இருந்தால் ஓடுவான், இல்லாவிட்டால் நின்றுவிடுவான். 1943 டெர்பியில் மூன்றாமிடம், அதே வருஷம் சாம்பியன் ஸ்டேக்ஸ் வெற்றி. பொலிகுதிரையாகப் பிரிட்டனில் ஒரு தடவையும் அமெரிக்காவில் ஐந்து தடவையும் பட்டியலின் உச்சியில் இருந்தான். அவன் மகன் போல்ட் ரூலர், போல்ட் ரூலரின் மகன் செக்ரட்டேரியட். 1973ல் பெல்மான்ட்டில் 31 நீள வித்தியாசத்தில் ஜெயித்த அந்த ஓட்டத்தின் காணொளியைப் பார்க்காதவர்கள் இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

ருஸ்டம் மஹால் வேறொருவர் கைக்குப் போயிருந்தாள். அங்கே அவள் பெற்றது அபர்னன்ட். அச்சு அசலாகப் பாட்டி! சாம்பல் நிறம், அதே மின்னல் வேகம், 17 ஓட்டத்தில் 14 வெற்றி. கிங் ஜார்ஜ் ஸ்டேக்ஸ், நன்தார்ப் என்று பாட்டி ஜெயித்த பந்தயங்களையே தேடிப்போய் ஜெயித்தான், அதுவும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. தோற்ற விதத்திலும் அதே ஜாடை. 1949ல் 2000 கினீஸ், நியூமார்க்கெட்டில் அதே ஒரு மைல், முன்னால் ஓடி வந்து கடைசியில் நிம்பஸிடம் தலை நீளம்கூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றான். போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கே வரலாம்: நூறு வருஷத்துக்கு முந்தைய எந்தக் குதிரையை எடுத்தாலும் இன்றைய எல்லா வம்சத்திலும் எங்காவது இருக்கும், இதில் என்ன அதிசயம்? நியாயமான கேள்விதான். மஹ்மூத்தின் மகள்வழியில் நார்தர்ன் டான்சர் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரை வந்தான். மும்தாஜ் பேகத்தின் இன்னொரு பேரன் ராயல் சார்ஜர் வழியிலும் மஹ்மூத் வழியிலும் சேர்ந்து சண்டே சைலன்ஸ் வந்து ஜப்பான் பந்தயத்தையே மாற்றினான். இதையெல்லாம் பெருக்கல் கணக்கு என்று தள்ளிவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மூன்று மகள்கள், மூன்று பேரன்கள்: ஒரு டெர்பி சாதனை, ஒரு மாபெரும் பொலிகுதிரை, காலத்தின் தலைசிறந்த வேகக்காரன். இதற்குப் பெருக்கல் வாய்பாடு தேவையில்லை.

ஆகா கானை நான் புகழமாட்டேன். மஹ்மூத்தை 1940ல் அமெரிக்காவுக்கு விற்றார். ப்ளென்ஹைம், பஹ்ராம் என்று டெர்பி ஜெயித்த வேறு குதிரைகளும் அதே வழியில்தான் போயின. நல்ல ரத்தத்தை எல்லாம் கடல் தாண்டி விற்கிறார் என்று ஆங்கிலேயர்கள் புலம்பினார்கள். விற்றதால்தான் அந்த ரத்தம் பரவியது என்று இன்று வாதாடலாம், ஆனால் அவர் அதை யோசித்து விற்றவர் அல்ல. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும்: மும்தாஜின் பெண் வாரிசுகளில் பலரை அந்தக் குடும்பம் கைவிடவில்லை. 1981ல் டெர்பியைப் பத்து நீளத்தில் ஜெயித்து, 1983ல் கடத்தப்பட்டு, கிடைக்காமலே போன ஷெர்கர் அந்தத் தாய்வழிதான்.

மும்தாஜ் மஹால் 1945ல் ஃபிரான்ஸில், ஆகா கானின் பண்ணையில் இறந்தாள்.

மாஹ் மஹாலுக்கு ஒரு மகள், மாஹ் இரான். அவளுக்கு ஒரு மகள், ஸ்டார் ஆஃப் இரான். அவளுக்கு ஒரு மகள், பெட்டீட் எட்வால். 1959ல் நியூமார்க்கெட்டில், எள்ளுப்பாட்டி தோற்ற அதே 1000 கினீஸை ஜெயித்தாள். போதாதென்று பெண்குதிரைகளுக்கான ஒன்றரை மைல் ஓக்ஸ் பந்தயத்தையும் ஜெயித்தாள். அவளும் சாம்பல்தான். சாம்பல் நிறத்தின் குணம் அப்படி: பெற்றவர்களில் ஒருவராவது சாம்பலாக இருந்தால்தான் குட்டிக்கு வரும், ஒரு தலைமுறை விட்டுப்போனால் அந்தக் கிளைக்கு அது திரும்பாது. டெட்ரார்க்கின் அந்த நிறம் ஒரு கண்ணிகூட அறாமல் அதுவரை வந்திருந்தது.

பெட்டீட் எட்வால் குட்டி போடுவதில் தோற்றுப்போனாள் என்று எழுதினார்கள். திரும்பவும் அதே மாதிரிப் பழி! அவளுக்கு வாய்த்தது ஒரே ஒரு மகள், ஸாஹ்ரா. அந்த ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டு வந்தவள்தான் ஸர்கவா. 2008ல் பிரெஞ்சு 1000 கினீஸ் ஜெயித்தாள், பாரிஸில் நடக்கும் பெரிய பந்தயமான ஆர்க்கையும் ஜெயித்தாள், ஏழு ஓட்டத்தில் ஏழு வெற்றியோடு பண்ணைக்குத் திரும்பினாள். அவள் சாம்பல் இல்லை, பழுப்பு. ஏதோ ஒரு பிரசவத்தில் நிறம் மட்டும் நின்றுபோயிருக்கிறது.