தோசைக்கல் மாதிரிதான்ம்மா

(சேலம் கோரிமேட்டில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை. கூடத்துச் சுவரில் ஒரு மவுண்டன் பைக் முன்சக்கரம் இல்லாமல் சாய்ந்திருக்கிறது. சக்கரம் சோபாவில் சொகுசாக இருக்கிறது. அம்மா நிற்கிறாள்.)

அம்மா: ஏண்டா பிரபு, சோபாவுல சக்கரம் உக்காந்திருக்கு. நான் எங்க உக்கார்றது?

பிரபு: அஞ்சு நிமிஷம்மா. பிரேக் மாத்திட்டேன், சக்கரத்த மாட்டினா முடிஞ்சுது.

அம்மா: ஏன், பழைய பிரேக் புடிக்கலையா?

பிரபு: அது புடிச்சுது. எனக்குத்தான் புடிக்கல. ஏற்காட்டுலேர்ந்து எறங்கறப்போ 20 ஹேர்பின் வளைவு. பாதி மலை எறங்கறதுக்குள்ள விரலெல்லாம் மரத்துப் போயிடுது. அது ஒயர் இழுக்கற டிஸ்க் பிரேக்கு. நாம குடுக்கற பலத்துல கொஞ்சத்த ஒயரே தின்னுடும். இது ஹைட்ராலிக். உள்ள ஒயரே கிடையாது, எண்ணெய்தான்.

அம்மா: எண்ணெய்யா? (முகம் மலர்கிறது. இவ்வளவு நேரத்தில் தனக்குத் தெரிந்த ஒரு சொல் வந்திருக்கிறது.) என்ன எண்ணெய்?

பிரபு: மினரல் ஆயில். இது ஷிமானோ கம்பெனி பிரேக்கு, இதுக்கு அதான். வேற சில பிரேக்குக்கு காருக்கு ஊத்தற டாட் ஃப்ளூயிட். மாத்தி ஊத்தினா உள்ள இருக்கற ரப்பர் சீல் ஊறி வீங்கிடும்.

அம்மா: உங்கப்பாவுக்கு பாமாயில் மாதிரி.

பிரபு: லிவர அமுக்கினா எண்ணெய் இங்கேர்ந்து தள்ளும். அங்க ரெண்டு பிஸ்டன் வெளிய வந்து, பேடுங்கற ரெண்டு பிரேக் கட்டையால சக்கரத்துல இருக்கற டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வும். ஒத்த விரல் போதும். பாஸ்கல் விதி.

அம்மா: பாஸ்கலா? உன்கூட டியூஷனுக்கு வந்தானே, அந்தப் பையனா?

பிரபு: அவரு 1662-லயே செத்துட்டாரும்மா.

அம்மா: அடப்பாவமே. அப்ப இது ரிப்பேர் ஆனா யார்கிட்ட கொண்டுபோவ?

பிரபு: டிஸ்க்கும் மாத்தியிருக்கேன், பாரு. முன்னாடி இருந்தது 160 மில்லிமீட்டர், இது 180. முன்சக்கரத்தப் புடிக்கற ஃபோர்க் தாங்குமான்னு பாத்து, நடுவுல ஒரு அடாப்டர் வெச்சு மாட்டியிருக்கேன். டிஸ்க் பெருசா இருந்தா அதே புடிக்கு இன்னும் நல்லா நிக்கும். சூடும் தாங்கும்.

அம்மா: எவ்வளவு ஆச்சு?

பிரபு: கொஞ்சம்தான்.

அம்மா: நீ கொஞ்சம்னா ஆயிரத்துல சொல்லுவ. (லிவரை அமுக்குகிறாள்.) அட, வழுக்கிகிட்டுப் போவுது!

பிரபு: அம்மா! அமுக்காத!

அம்மா: ஒரு தடவதான்டா. (மூன்று தடவை அமுக்குகிறாள்.)

பிரபு: நடுவுல டிஸ்க் இல்லன்னா பிஸ்டனுக்கு எங்க நிக்கறதுன்னே தெரியாது, வந்துகிட்டே இருக்கும். பாரு, ரெண்டு பேடும் ஒட்டிகிச்சு. இதுக்குத்தானே நடுவுல அட்டைய மடிச்சுச் சொருகி வெச்சிருந்தேன்? எங்க அது?

அம்மா: அதுவா? அது உங்க பெரியப்பா பேத்தி கல்யாணப் பத்திரிகைடா! மஞ்சள் தடவின பத்திரிகையக் கொண்டுபோய் பிரேக்குல சொருகுவாங்களா? நான்தான் உருவி சாமி படத்துக்கிட்ட வெச்சேன்.

பிரபு: புள்ளையார் இல்லாத பக்கமாத்தான்ம்மா மடிச்சேன்.

(டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலை இடையில் விட்டு, பேடை மெல்ல நெம்புகிறான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி பேடைக் கீறி வைப்பவர்களும் ஊரில் உண்டு. பிரபு அந்த ரகம் இல்லை. சக்கரம் ஏறுகிறது.)

பிரபு: இப்ப காலிப்பர், அதான் பிஸ்டன் இருக்கற டப்பா, அதோட போல்ட் ரெண்டையும் லூஸ் பண்ணியிருக்கேன். நீ லிவர இறுக்கி அமுக்கிப் புடி. அது தானா நடுவுல வந்து நிக்கும், அப்படியே டைட் பண்ணிடறேன்.

அம்மா: அமுக்காதேங்கற, அமுக்குங்கற. உங்கப்பா பரவால்ல.

பிரபு: முடிஞ்சுது.

அம்மா: அப்ப ஏற்காடு கெளம்பறியா? மத்தியானத்துக்கு அரிசி குறைச்சுப் போடறேன்.

பிரபு: இன்னைக்கு முடியாது. புது பேடு, புது டிஸ்க்கு. இத மொதல்ல பழக்கணும்.

அம்மா: இது என்ன கன்னுக்குட்டியா, பழக்கறதுக்கு?

பிரபு: இப்ப புடிச்சா சரியா நிக்காதும்மா. ஓட்டி, புடிச்சு, ஓட்டி, புடிச்சு சூடு ஏத்தணும். அப்பதான் பேட்ல இருக்கற பொருள் கொஞ்சம் கொஞ்சமா டிஸ்க் மேல மெல்லிசா படியும். அந்தப் படலம் சமமா உக்காந்தாத்தான் புடிமானம் வரும்.

அம்மா: ஒண்ணும் புரியல.

பிரபு: புது தோசைக்கல் வாங்கினா நீ என்ன பண்ணுவ?

அம்மா: (நிமிர்ந்து உட்கார்கிறாள், சக்கரம் போய்விட்டதால் சோபா காலி.) எடுத்ததும் தோசை ஊத்த மாட்டேன். அரிசி கழுவின தண்ணியில ரெண்டு மூணு நாள் ஊற வெப்பேன். அப்புறம் அடுப்புல வெச்சு, நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால ஒரு இடம் விடாம தேய்ப்பேன். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். மொத நாலு தோசை ஒட்டத்தான் செய்யும். அப்புறம் வரும் பாரு, கண்ணாடி மாதிரி.

பிரபு: அதே மாதிரிதான்ம்மா!

(இந்த ரெண்டு வார்த்தையை அவன் சொல்லியிருக்கவே கூடாது.)

(அன்று மாலை. பிரபு வேர்த்து விறுவிறுத்து வருகிறான். சமையலறையில் குக்கர் சத்தம்.)

அம்மா: என்னடா பண்ற தெருவுல? எதிர்வீட்டு மல்லிகா கேக்கறா. உங்க பையன் வேகமா வர்றான், எங்க வீட்டு வாசல்ல பிரேக் புடிக்கறான், நிக்கப் போறான்னு பாத்தா நிக்காம போயிடறான், மறுபடி வர்றான், என்ன விஷயம்ங்கறா. அவளுக்கு ரெண்டு பொண்ணு இருக்குடா.

பிரபு: நிக்கக் கூடாதும்மா! அதுதான் விஷயமே. நடக்கற வேகத்துக்கு வந்ததும் விட்டுடணும். முழுசா நிறுத்தினா பேடு ஒரே இடத்துல அப்பிக்கும், அப்புறம் புடிக்கறப்போ எல்லாம் தடக் தடக்னு அடிக்கும். மிதமான வேகத்துல 20 தடவ, அப்புறம் வேகமா 10 தடவ. முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி.

அம்மா: இத மல்லிகாகிட்ட நான் எப்படிச் சொல்றது?

பிரபு: முன்பக்கம் 7 முடிஞ்சுது, அதுக்குள்ள நாய் துரத்திடுச்சு. மீதி காலையில பாத்துக்கறேன். அம்மா, டிஸ்க்க மட்டும் கையால தொட்றாத. நம்ம கை எண்ணெய்...

(குக்கர் விசில். நீளமாக.)

...பட்டாலே போச்சு, புரியுதா?

அம்மா: புரியுது, புரியுது. கையால தொடக் கூடாது. எண்ணெய். போய் குளி.

(மறுநாள் காலை ஆறு மணி. தெருவிலிருந்து ஆட்டோ ஹாரனும் அழுகிற குழந்தையும் சேர்ந்தது போல ஒரு நீண்ட கிரீச். பிறகு மல்லிகா வீட்டுப் பக்கமிருந்து ஒரு அலறல். பிரபு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். சட்டையெல்லாம் கோலமாவு.)

பிரபு: நிக்கவே மாட்டேங்குதும்மா! கத்துது, ஆனா நிக்க மாட்டேங்குது! மல்லிகா ஆன்ட்டி புள்ளிக் கோலத்து மேல படுத்துட்டு வர்றேன்.

அம்மா: நேத்து நல்லாதானே இருந்துச்சு?

பிரபு: (குனிந்து டிஸ்க்கை முகர்கிறான். நிமிர்கிறான். மறுபடி முகர்கிறான்.) அம்மா... டிஸ்க்ல ஏன் வெங்காய வாசம் வருது?

அம்மா: (பெருமையாக) நேத்து ராத்திரி நானே பழக்கி வெச்சுட்டேன். 30-ல 7தான் ஆச்சுன்னு சொன்னியே, மீதிக்கும் பாவம் புள்ள எத்தன தடவ சுத்துவான்னு மனசு கேக்கல. செக்கு நல்லெண்ணெய்டா.

பிரபு: அம்மா!

அம்மா: கையால தொடல கண்ணு, சத்தியமா. வெங்காயத்த முள்கரண்டியில குத்தித்தான் தேச்சேன். ஒரு ஓட்டை விடல. எத்தன ஓட்டைடா அதுல!

பிரபு: எண்ணெய் உள்ளதாம்மா இருக்கணும்! வெளிய ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் செத்துடும்!

அம்மா: எண்ணெய்லதான் ஓடுதுன்ன. தோசைக்கல் மாதிரிதான்னும் சொன்ன. நான் எதத்தான் நம்பறது?

பிரபு: தோசை ஒட்டக் கூடாது, பிரேக் ஒட்டணும்! ...சரி, டிஸ்க்கு இரும்பு, துடைச்சுக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேணும்.

அம்மா: கொரோனாவுக்கு வாங்கின சானிடைசர் இருக்கே.

பிரபு: அதுல கிளிசரின் கலந்திருப்பாங்க, அதுவும் பிசுக்குதான். மெடிக்கல்ல போய் நல்லதா வாங்கறேன். பேடுதான் கஷ்டம். ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சிருக்கும்.

அம்மா: நான் போய் மல்லிகாவுக்கு அரைப்படி கோலமாவு குடுத்துட்டு வர்றேன். அவ வாயி சும்மா இருக்காது.

(அம்மா திரும்பி வரும்போது வீடு முழுக்கப் புகை.)

அம்மா: என்னடா நாத்தம் இது? மலையெறங்கின லாரி வீட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு?

பிரபு: ஒண்ணுமில்லம்மா. நல்லா சூடு பண்ணினா எண்ணெய் எரிஞ்சு போயிடும்னு சிலர் சொல்லுவாங்க. அதான், பேட்ட கொஞ்சம் வாட்டிப் பாத்தேன்.

அம்மா: எதுல?

(அமைதி.)

அம்மா: எதுலடா?

பிரபு: ...அதே மாதிரிதானேன்னு...

அம்மா: அடேய்! எங்கம்மா குடுத்த கல்லுடா அது! 30 வருஷமா பழக்கினது! அதுல போய் பிரேக்கச் சுட்டு வெச்சிருக்கியே! பேடாவது தேறுச்சா?

பிரபு: இல்ல. ரெசின் பேடு, நுனியெல்லாம் தீஞ்சு உதிருது. புதுசு ஆர்டர் போட்டுட்டேன். வர மூணு நாள் ஆகும்.

அம்மா: மூணு நாள் சும்மாதானே இருப்ப. (கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெள்ளையாக்கி, அடுப்பில் வைக்கிறாள். மாவுத் தூக்கைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கிறாள்.) நில்லு இங்க. மிதமான தீயில 20. அப்புறம் வேகமா 10. நடுவுல முழுசா நிறுத்தக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.

பிரபு: (பத்து நிமிஷம் கழித்து, தோசைத் திருப்பியோடு போராடியபடி) அம்மா, மொத தோசை ஒட்டிகிச்சு!

அம்மா: (சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபடி) ஒட்டத்தான் செய்யும். இன்னும் 29 இருக்கு.