நாத்திகம் என் மதம் இல்லை

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நடந்ததை நேரில் பார்க்காதவர்களும் இந்நேரம் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கிறது. "விடுங்க அண்ணே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னது" என்று பாதிப் பேர். "அவர் சொன்னதில் என்ன தப்பு, நாத்திகமும் ஒரு மதம்தானே?" என்று மீதிப் பேர். முதல் கூட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"அடுத்து, நாத்திக மதத்தின் சார்பில் பேச வருகிறார்..." இதுதான் நிகழ்ச்சியை நடத்திய தம்பி மைக்கில் சொன்னது. சமய நல்லிணக்கத்துக்காகக் கூடிய கூட்டம் அது. நான் நாற்காலியை விட்டு எழுந்து மேடைப் படியில் ஏறும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நான் எந்த மதத்தின் சார்பிலும் வரவில்லை. நாத்திகம் மதம் இல்லை. கடவுள் உண்டு என்று நீங்கள் சொல்கிறீர்கள், எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை என்று நான் சொல்கிறேன், அவ்வளவுதான் விஷயம். வேதம் கிடையாது, குரு கிடையாது, நோன்பு கிடையாது, செத்த பிறகு போய்ச்சேர ஓர் இடமும் கிடையாது. கடன் வாங்காமல் வாழ்கிறவனைப் பிடித்து "கடன் இல்லாமல் இருப்பதும் ஒரு கடன்தான்" என்றால் அவன் எந்த வங்கியில் போய்க் கட்டுவான்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். 2010இல் அது 17 விழுக்காடு. அத்தனை பேரும் நாத்திகர்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, படிவத்தில் சமயம் இல்லை என்று எழுதுகிறவர்களும் அதில் உண்டு. ஆனால் ஐந்தில் ஒருவர் "இல்லை" என்று எழுதும்போது, "அந்த 'இல்லை'தான் உன் மதத்தின் பெயர்" என்று அடுத்தவர் திருத்துவது என்ன நியாயம்?

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். நண்பர் ஒருவர், தமிழாசிரியர், மணிமேகலையை எடுத்துப் போட்டிருக்கிறார். வஞ்சி நகரில் மணிமேகலை சமயக் கணக்கர்களிடம், அதாவது தங்கள் கொள்கையை விளக்கும் அறிஞர்களிடம், ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறாள், அந்த வரிசையில் பூதவாதியும் நிற்கிறான், கண்ணால் காண்பதைத் தவிர வேறில்லை என்பவனையே நம் முன்னோர் சமயக்காரன் என்று எண்ணியிருக்கிறார்களே, நீ யார் மறுக்க என்று கேட்கிறார். நல்ல கேள்வி, உண்மையாகவே ஒரு ராத்திரி யோசித்தேன். ஆனால் ஐயா, அதே வரிசையில் சாங்கியனும் வைசேடிகனும் நிற்கிறார்களே. இன்றைக்கு யாராவது படிவத்தில் "மதம்: வைசேடிகம்" என்று எழுதுகிறார்களா? அந்தக் காதையில் சமயம் என்றால் கொள்கை, தத்துவம். மைக்கில் சொன்ன மதம் அது இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

பௌத்தத்திலும் சமணத்திலும் படைத்த கடவுள் இல்லை, அவையும் மதம்தானே என்கிறீர்கள். அங்கே துறவு உண்டு, வினை உண்டு, மறுபிறப்பு உண்டு. எங்களிடம் எது உண்டு? இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

அமெரிக்கக் கதையை மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். 2005இல் சிறைக்கைதி ஒருவர் நாத்திகர்களுக்கு ஒரு படிப்புக்குழு வேண்டும் என்று கேட்ட வழக்கில், சட்டப் பாதுகாப்பு என்று வரும்போது நாத்திகத்தையும் மதமாகவே கருத வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மைதான். எதற்காகச் சொன்னது? மற்ற மதக் கைதிகளுக்குக் கிடைக்கும் உரிமை இவருக்கு மறுக்கப்படக் கூடாது என்பதற்காக. மழைக்கு ஒதுங்கட்டும் என்று கூப்பிட்டுக் குடைக்குள் இடம் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்யக் கிளம்பினால் எப்படி?

அப்புறம் அந்தப் பழைய பாட்டு. "பெரியார் படத்துக்கு மாலை போடுகிறீர்களே, அது மட்டும் என்ன?" எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் இருக்கிறது. 1954 கடைசியில் பெரியார் இரண்டாவது முறையாக மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வந்தபோது தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த ஒன்பது வயதுப் பையன் என் அப்பா. தாத்தா அதற்கும் முன்பே, தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இல் தொடங்கிய காலத்து ஆள். அந்தப் படத்தின் தூசியை அப்பா வாராவாரம் துடைப்பார். ஆனால் என் ஓ நிலைத் தேர்வுக்கு முன்னால் அதன் எதிரே என்னை நிறுத்தவில்லை. நன்றிக்கு ஒரு படம் மாட்டினால் அது கோயில் ஆகிவிடுமா?

அப்பா எப்படிப்பட்டவர் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நாத்திகர்களுக்குத்தான் மதவெறி அதிகம்" என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவார். கூட அப்பாவும் போவார். உள்ளே போக மாட்டார். அம்மாவின் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். அர்ச்சனைக் கூட்டம் அதிகமாக இருந்தால் எதிர்ப்பக்கம் போய் ஒரு தே குடித்துவிட்டு வந்து மறுபடி நிற்பார். நாற்பது வருடம். இதில் வெறி எங்கே இருக்கிறது, காட்டுங்கள். எங்களில் வாய்த்துடுக்கு உள்ளவர்கள் இல்லாமல் இல்லை, நானே பத்தொன்பது வயதில் அம்மாவின் பால்குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அது எங்கள் குணக்கேடு, அதை எங்கள் "மதம்" ஆக்காதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

2019இல் அப்பா போனார். உடலை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வைத்திருந்தோம். சடங்கு எதுவும் வேண்டாம், தேவாரம் வேண்டாம், மண்டாய்க்குக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள், அவ்வளவுதான் என்று அவரே கைப்பட எழுதி வைத்திருந்தார். நான் அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினேன். ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் படிவத்தை வைத்துக்கொண்டு "என்ன மதம் சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்போ இந்து என்று போட்டுக்கொள்கிறேன்" என்று அவரே எழுதிக்கொண்டார். மறுநாள் காலை கார் எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்க்கக் கார் நிறுத்துமிடம் வரை போய் வந்தேன், பத்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் அப்பாவின் நெற்றியில் மூன்று பட்டை. அத்தையின் விரலில் இன்னும் திருநீறு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற யாரும் தடுக்கவில்லை. நான் கைக்குட்டையை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து "விடுப்பா" என்றார். விட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க நெற்றியில் எதுவும் வைக்காத மனிதர் அப்படியே மண்டாய்க்குப் போனார்.

அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள், "நாத்திகமும் ஒரு மதம்தான்" என்று சொல்கிறவர்களே? ஒரு முஸ்லிம் பெரியவர் மௌத்தானால் அவர் நெற்றியில் யாராவது திருநீறு பூசத் துணிவார்களா? ஒரு கிறிஸ்தவரின் பெட்டிக்கு முன்னால் தேங்காய் உடைப்பார்களா? மதம் என்று நிஜமாகவே நினைத்திருந்தால் என் அப்பா எழுதி வைத்த அந்தத் தாளுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்குமே. எங்களை மடக்க வேண்டும் என்றால் அது மதம். எங்களுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்றால், "அதெல்லாம் ஒன்றும் இல்லை, நம்ம பிள்ளைதான், பூசி விடு."

அத்தை கெட்டவர் இல்லை. அண்ணன் நல்ல கதி அடைய வேண்டும் என்றுதான் செய்தார், அழுதுகொண்டேதான் செய்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருடமாக ஆறவில்லை.

சமயங்களுக்கு இடையிலான அமைப்பு 1949 முதல் இருக்கிறது, பத்துச் சமயங்கள் அதில் உண்டு, உங்களையும் பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு நாற்காலி கேளுங்களேன் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தார். நன்றி. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். நான் மதக்காரன் ஆனால்தான் என் வார்த்தைக்கு மதிப்பு என்றால் அது எனக்கு எப்படி மதிப்பாகும்?

அந்தத் தம்பி நேற்று போன் செய்தார். தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே, கூட்டம் தூங்கி வழிந்தது, அதனால்தான் என்றார். நான் கோபமாக எதுவும் பேசவில்லை. தம்பி, நிகழ்ச்சிக்கு முன்னால் உங்கள் கையில் ஓர் அட்டை கொடுத்தேனே, அதில் என் பெயர் இருந்தது, பெயருக்குக் கீழே "சமயம் சாராதவர்" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அதை அப்படியே வாசித்திருக்கலாம்.